ஐஎம்ஓ ஓராண்டு ஒத்திவைத்துவிட்டது, கப்பல் புகையைக் குறைப்பதில் இனி ஆய்வு செய்ய என்ன மிச்சம்?

கலங்கரை22

எல்லோருக்கும் வணக்கம். கடல்சார் கொள்கையில் முதுகலை படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுத்து ஒப்புதலும் வாங்கியாயிற்று. தலைப்பு, ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவின் நெட் ஜீரோ (நிகர பூஜ்ஜிய உமிழ்வு) கட்டமைப்பு. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 5,000 மொத்த டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்கள் தாங்கள் எரிக்கும் எரிபொருளின் பசுமை இல்ல வாயு அடர்த்தியை (ஓர் அலகு ஆற்றலுக்கு எவ்வளவு வாயு என்ற கணக்கை) ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே வர வேண்டும், இலக்கைத் தொடாதவர்கள் எவ்வளவு பின்தங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து டன் உமிழ்வுக்கு 100 டாலரோ 380 டாலரோ கட்ட வேண்டும், அந்தப் பணம் ஒரு நிதியத்துக்குப் போகும். 2025 ஏப்ரலில் 63க்கு 16 என்று வரைவுக்கு ஒப்புதல் கிடைத்தது. அக்டோபரில் இறுதியாக ஏற்பதற்காக லண்டனில் கூடினார்கள். ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை, 57க்கு 49 என்று ஓராண்டு ஒத்திவைத்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

இப்போது என் ஆய்வு வழிகாட்டி, "நடைமுறைக்கு வராத விதியின் தாக்கத்தை எப்படி அளப்பாய், தலைப்பை மாற்று" என்கிறார். எதற்கு மாற்றுவது என்பதுதான் கேள்வி. எரிபொருள் பக்கம் போகலாமா, அம்மோனியா, மெத்தனால் என்று? துறையில் இருப்பவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சும்மா_வாசகன்

கேட்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உலக உமிழ்வில் கப்பல்களின் பங்கு 3 சதவீதம்கூட இல்லை. உலக வணிகத்தில் அளவு கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழிதான் போகிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த கப்பலைவிடச் சிக்கனமான வழி வேறு இல்லை. அப்படியிருக்க இதற்கு ஏன் இத்தனை மாநாடு, இத்தனை ஆய்வேடு? லாரியையும் விமானத்தையும் முதலில் பார்க்கட்டுமே.

மூன்றாம்_அலை

"3 சதவீதம்தான்" என்பது இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்தவுடன் சொல்வது. ஐஎம்ஓவின் நான்காவது ஆய்வின்படி 2018இல் 2.89 சதவீதம், அதாவது 107 கோடியே 60 லட்சம் டன். இதை ஒரு நாடாக எண்ணினால் அதிகம் உமிழும் முதல் பத்து நாடுகளுக்குள் வந்துவிடும். 2012இல் இருந்ததைவிட அது கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடியிருந்தது, இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கப்பலும் சிக்கனமாகிக்கொண்டுதான் வந்தது.

இன்னொன்று. இந்த உமிழ்வு எந்த நாட்டின் கணக்கிலும் ஏறாது. 1997 கியோட்டோ உடன்படிக்கையிலேயே சர்வதேசக் கப்பல் புகையை நாடுகளின் கணக்கிலிருந்து எடுத்து ஐஎம்ஓவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பாரிஸ் உடன்படிக்கையில் கப்பல் என்ற பேச்சே இல்லை. லாரிப் புகைக்கு ஏதோ ஒரு அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுக்கடலில் போகிற கப்பலுக்கு முதலாளி ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், வாடகைக்கு எடுத்தவர் மூன்றாவது நாட்டில், சரக்கு யாருடையதோ. யாரைப் பிடிப்பீர்கள்?

அப்புறம் கப்பலின் ஆயுள் 25 வருடம். இன்றைக்கு ஆர்டர் கொடுக்கிற கப்பல் 2050இல் ஓடிக்கொண்டிருக்கும். 2050ஐ ஒட்டி நிகர பூஜ்ஜியம் என்று 2023இல் இவர்களே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஓராண்டு ஒத்திவைப்பு என்பது வெறும் ஓராண்டு இல்லை. அந்த ஓராண்டில் விதி தெரியாததால் பழைய எஞ்சினோடு ஆர்டர் ஆகிற கப்பல்கள் எல்லாம் கால் நூற்றாண்டு ஓடும்.

சார்ட்டர்_மேசை

கலங்கரை தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), எரிபொருள் பக்கம் போகாதீர்கள். அங்கே ஏற்கெனவே கூட்டம் நெரிகிறது. எரிபொருள் உற்பத்தியாளர், எஞ்சின் கம்பெனி, வகைப்படுத்தல் சங்கம், வங்கி என்று எல்லோரும் ஆளுக்கொரு அறிக்கை போடுகிறார்கள். ஒப்பந்தத்தைப் பாருங்கள். சார்ட்டர் பார்ட்டி, அதாவது கப்பலை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம். நான் இந்த மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், இங்கிருந்து பார்த்தால் தெரிவதைச் சொல்கிறேன்.

தானியம், தாது மாதிரி மொத்தச் சரக்கு (பல்க்) ஏற்றிய ஒரு கப்பல் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. அந்தத் துறைமுகத்தில் நெரிசல், போய்ச் சேர்ந்தாலும் பல நாள் நங்கூரத்தில் கிடக்கத்தான் போகிறது என்பது கேப்டனுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வேகத்தைக் குறைத்து, பெர்த் (கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்) காலியாகிற நாளில் போய்ச் சேரலாம் அல்லவா? மாட்டார்கள். ஏனென்றால் ஒப்பந்தத்தில் "உரிய விரைவோடு" பயணத்தை முடிக்க வேண்டும் என்று இருக்கிறது. போய்ச் சேர்ந்து, "கப்பல் தயார்" என்ற நோட்டீஸ் கொடுத்தால்தான் லேடைம், அதாவது சரக்கை ஏற்றி இறக்க ஒதுக்கிய நேரத்தின் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். லேடைம் முடிந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று முதலாளிக்கு டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் வரும். பல துறைமுகங்களில் முதலில் வந்தவருக்கே முதல் இடம். ஆக, கப்பல் முதலாளியின் பார்வையில் நங்கூரத்தில் கிடப்பது நஷ்டமே இல்லை, சில நேரம் சந்தை விலையைவிட நல்ல வருமானம். மெதுவாக வந்தால் வரிசையில் இடமும் போகும், டெமரேஜும் போகும், ஒப்பந்தத்தை மீறினார் என்ற வழக்கும் வரும்.

கேப்டன் முட்டாள் இல்லை. அவர் கையில் இருக்கிற காகிதம் அவரை ஓடச் சொல்கிறது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. வர்ச்சுவல் அரைவல் என்று ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு தரப்பும் பேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கப்பல் பழைய வேகத்தில் வந்திருந்தால் எந்த நேரத்தில் சேர்ந்திருக்குமோ அந்த நேரத்திலிருந்தே லேடைம் கணக்கு ஓடும், மிச்சமாகிற எரிபொருளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கப்பல் முதலாளிகளின் சங்கமான பிம்கோ இதற்கு ஆயத்தமான ஷரத்தே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பல ஒப்பந்தங்களில் அதைச் சேர்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால், சரக்கு வழியில் கை மாறும், விற்றவர் வாங்கியவர் ஒப்பந்தத்தில் வேறொரு டெமரேஜ் கணக்கு இருக்கும், டெர்மினலுக்கு இதில் அக்கறையே கிடையாது. ஒருவர் ஒத்துக்கொண்டால் போதாது, நான்கு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கன்டெய்னர் கப்பல்களை வைத்து 2022இல் ஒரு கணக்கு போட்டார்கள். முழுப் பயணத்திலும் வேகத்தைச் சரிசெய்து சரியான நேரத்துக்கு வந்தால் ஒரு பயணத்துக்கு சராசரியாக 14 சதவீதம் எரிபொருள் மிச்சம். புது எஞ்சின் வேண்டாம், அம்மோனியா வேண்டாம்.

இன்ஜின்_ரூம்

மேலே சொன்னதை எண்ணில் காட்டுகிறேன். எஞ்சினுக்கு வேண்டிய சக்தி தோராயமாக வேகத்தின் முப்படியில் (வேகம் × வேகம் × வேகம்) போகும். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் ஒரு கப்பல் நாளுக்கு 100 டன் எரிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,800 கடல் மைல் போக 10 நாள், 1,000 டன். அதே கப்பல் 16 நாட் வேகத்தில் போனால் நாளுக்கு சுமார் 51 டன், பயணம் 12.5 நாள், மொத்தம் 640 டன். 360 டன் மிச்சம். ஒரு டன் கனரக எரிபொருள் எரிந்தால் 3.1 டன் கரியமில வாயு. ஆக ஒரே பயணத்தில் 1,100 டன்னுக்கு மேல்.

இது காகிதக் கணக்கு. கப்பலில் அப்படியே வராது. ஜெனரேட்டர், பாய்லர் எல்லாம் வேகத்தைப் பார்த்து ஓடுவதில்லை, நாள் கூடினால் அதற்கான எரிபொருளும் கூடும். குறைந்த லோடில் நீண்ட நாள் ஓட்டினால் டர்போசார்ஜரும் எக்ஸாஸ்ட் பாதையும் கரி பிடிக்கும், நடுநடுவே லோடு ஏற்றி ஊதிவிட வேண்டும். எதிர்க்காற்றும் அலையும் வந்தால் எல்லாக் கணக்கும் போச்சு.

ஹல்லை (கப்பலின் வெளி உடலை) மறந்துவிடாதீர்கள். வெப்பக் கடலில் சில வாரம் நங்கூரத்தில் கிடந்த கப்பலின் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் வழவழவென்று பாசி, அப்புறம் புல் மாதிரி நீளமாக, அப்புறம் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும். ப்ரொப்பெல்லர் இலையிலும் ஒட்டும். மறுபடி கிளம்பும்போது அதே ஆர்பிஎம்மில் அரை நாட், ஒரு நாட் குறைவாகப் போகும், எக்ஸாஸ்ட் வெப்பநிலை ஏறும். ஆபீசில் இருந்து "ஏன் கன்சம்ப்ஷன் அதிகம்?" என்று மெயில் வரும். நங்கூரத்தில் கிடக்க வைத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆக, சார்ட்டர்_மேசை சார் சொன்ன காத்திருப்புக்கு விலை இரண்டு தடவை. ஓடி வரும்போது ஒன்று, பாசியோடு திரும்பப் போகும்போது இன்னொன்று.

சும்மா_வாசகன்

அப்படியென்றால் நேராக வேக வரம்பு போட்டுவிடலாமே. சாலையில் போடுவதில்லையா?

மூன்றாம்_அலை

2019இல் பிரான்ஸ் ஐஎம்ஓவில் அதைத்தான் கேட்டது, சில கப்பல் முதலாளிகளும் கூடவே நின்றார்கள். நிறைவேறவில்லை. தூரத்தில் இருக்கிற ஏற்றுமதி நாடுகள் கடுமையாக எதிர்த்தன, பழம், இறைச்சி மாதிரி கெட்டுப்போகிற சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் பணம். அதோடு எல்லோரும் மெதுவாகப் போனால் அதே சரக்கை நகர்த்த அதிகக் கப்பல் வேண்டும். மிச்சம் அப்போதும் மிச்சம்தான், ஆனால் இன்ஜின்_ரூம் கணக்கில் வருகிற 36 சதவீதம் முழுதாகக் கைக்கு வராது.

அதற்குப் பதிலாக வந்ததுதான் சிஐஐ, கார்பன் செறிவுக் குறியீடு. 2023 முதல் பெரிய கப்பல்களுக்கு ஏ முதல் இ வரை மதிப்பெண்.

அலைவரிசை

சிஐஐ பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். என் வேலை கப்பல் தரவு. கலங்கரை, உங்களுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் இங்கே தோண்டத் தோண்டக் கிடைக்கும்.

சிஐஐயின் அடிப்படை வாய்ப்பாட்டைப் பாருங்கள். மேலே ஆண்டு முழுவதும் வெளியேற்றிய கரியமில வாயு. கீழே கப்பலின் கொள்ளளவையும் போன தூரத்தையும் பெருக்கிய எண். கவனிக்க வேண்டியது, கொள்ளளவு. ஏற்றிய சரக்கு இல்லை. ஆகக் காலியாகப் போகிற கப்பல், அதன் எடை குறைவு என்பதால் குறைவாக எரித்து, நல்ல மதிப்பெண் வாங்கும். சரக்கு நிறைய ஏற்றிக்கொண்டு போகிற கப்பலுக்கு மதிப்பெண் குறையும். துறைமுகத்தில் பத்து நாள் காத்திருந்தால் மேலே புகை கூடும், கீழே தூரம் கூடாது, மதிப்பெண் சரியும். டிசம்பரில் மதிப்பெண் சி-க்கும் டி-க்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தால், கடலில் சும்மா நாலு சுற்று சுற்றினால் மதிப்பெண் ஏறும் என்பது இந்தத் துறையில் பழைய கேலி. கேலி என்றாலும் கணிதப்படி சரி.

தண்டனை என்ன? மூன்று வருடம் தொடர்ந்து டி, அல்லது ஒரு வருடம் இ வாங்கினால் திருத்தத் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது தரவு. 2019 முதல் ஒவ்வொரு பெரிய கப்பலும் எவ்வளவு எரித்தது என்று ஐஎம்ஓவுக்குக் கணக்கு போகிறது. பொதுமக்களுக்கு அது கப்பல் பெயரோடு கிடைக்காது, அடையாளம் நீக்கித்தான் வரும். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கிய எம்ஆர்வி (கண்காணிப்பு, அறிக்கை, சரிபார்ப்பு) தரவோ கப்பல் பெயர், கப்பலின் அடையாள எண்ணான ஐஎம்ஓ எண்ணோடு இணையத்தில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஆகவே உலகக் கப்பல் உமிழ்வு பற்றிய சுதந்திர ஆய்வுகள் ஒன்று ஐரோப்பா போகிற கப்பல்களைப் பற்றியவை, இல்லையென்றால் கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் ஒலிபரப்பும் ஏஐஎஸ் சிக்னலை வைத்துக் கப்பல் எங்கே எந்த வேகத்தில் போனது என்று பார்த்து, எஞ்சின் விவரத்தைச் சேர்த்து, எவ்வளவு எரித்திருக்கும் என்று மதிப்பிட்டவை. ஐஎம்ஓவின் நான்காவது ஆய்வும் அடிப்படையில் ஏஐஎஸ் மதிப்பீடுதான். எண்ணெய் டேங்கில் அளவுகோல் விட்டுப் பார்த்த உண்மை எண் ஒரு பெட்டியில் பூட்டிக் கிடக்க, உலகமே அதை வெளியில் இருந்து ஊகித்துக்கொண்டிருக்கிறது.

இன்ஜின்_ரூம்

"உண்மை எண்" என்று ரொம்பவும் நம்பாதீர்கள் தம்பி. நூன் ரிப்போர்ட் எப்படி எழுதப்படுகிறது என்று தெரியுமா? தினமும் நண்பகலில் இடம், தூரம், காற்று, கடந்த 24 மணி நேர எரிபொருள், மிச்சம் எவ்வளவு. எல்லாக் கப்பலிலும் துல்லியமான மாஸ் ஃப்ளோ மீட்டர் கிடையாது. டேங்க் சவுண்டிங் (டேங்கில் எண்ணெய் எவ்வளவு ஆழம் என்ற அளவு) எடுக்கும்போது கப்பல் ஆடிக்கொண்டிருக்கும். காற்று பியூஃபோர்ட் அளவுகோலில் 4 என்றால் ஒப்பந்த வேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், 5 என்றால் "மோசமான வானிலை" என்று தப்பிக்கலாம். நடுவில் இருக்கிற காற்றை எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? முழு வருடத்துக்கான எரிபொருள் கணக்கு பங்கர் (எரிபொருள் வாங்கிய) ரசீதோடு ஒத்துப்போகும், அது பரவாயில்லை. நாளுக்கு நாள் எண்ணை வைத்து நுணுக்கமாக ஏதாவது நிரூபிக்கப் போனால்தான் ஆபத்து.

அலைவரிசை

நூறு சதவீதம் ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக் கணக்கைத்தான் சொன்னேன்.

கலங்கரை22

எல்லோருக்கும் நன்றி (தங்கைதான், சார்ட்டர்_மேசை அண்ணா). இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு சந்தேகம். எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) எரிக்கும் கப்பல்கள் நிறைய ஆர்டர் ஆகின்றன, அதுதான் இடைக்கால வழி என்று வகுப்பில் சொல்கிறார்கள். அதையும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?

இன்ஜின்_ரூம்

எல்என்ஜி எரிந்தால் கரியமில வாயு குறைவு என்பது உண்மை. எரியாமல் தப்பிப் போகிற மீத்தேன்தான் சிக்கல். 20 வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடாக்கும். எஞ்சின் வகையைப் பொறுத்துக் கசிவு மாறும். உயர் அழுத்தத்தில் வாயுவைப் பீய்ச்சுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ரொம்பக் குறைவு. குறைந்த அழுத்த ஃபோர் ஸ்ட்ரோக்கில் அதிகம், அதிலும் குறைந்த லோடில் ஓட்டும்போது இன்னும் மோசம். இந்த ஃபோர் ஸ்ட்ரோக் வகைக்கு ஐரோப்பிய விதி 3.1 சதவீதம் கசிகிறது என்று எடுத்துக்கொள்கிறது. ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2024இல் ட்ரோன், ஹெலிகாப்டர் எல்லாம் வைத்துக் கடலில் புகைத்தடத்தை அளந்தபோது சராசரி 6.4 சதவீதம் வந்தது.

இதில் ஒரு கூத்து. மேலே எல்லோரும் மெதுவாகப் போகச் சொன்னோம். இந்த எஞ்சின் பூட்டிய கப்பலை மெதுவாக ஓட்டினால் லோடு குறையும், கசிவு கூடும்.

மூன்றாம்_அலை

சிஐஐ கரியமில வாயுவை மட்டும்தான் எண்ணுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீத்தேன் அதன் கண்ணுக்கே தெரியாது. ஒத்திவைக்கப்பட்ட கட்டமைப்பின் பெரிய நன்மையே அங்கேதான் இருந்தது. கிணற்றிலிருந்து கப்பல் எஞ்சின் வரை எல்லா வாயுவையும் சேர்த்துக் கணக்கிடச் சொன்னது. 380 டாலரைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை போட்டார்கள், என்னைக் கேட்டால் விலையைவிட அந்தக் கணக்கு முறைதான் முக்கியம்.

சும்மா_வாசகன்

63 நாடு ஆதரித்தது எப்படி ஆறு மாதத்தில் கவிழ்ந்தது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மூன்றாம்_அலை

கவிழவில்லை, பக்கவாட்டில் தள்ளிவிட்டார்கள். கப்பல் மாசு தடுப்பு உடன்படிக்கையான மார்போலில் ஒரு திருத்தத்தை ஏற்க, வந்திருந்து வாக்களிக்கும் உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஒத்திவைக்கும் தீர்மானம் நடைமுறை சம்பந்தப்பட்டது, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். சவுதி அரேபியா ஒத்திவைப்பைக் கொண்டுவந்தது, 57 கிடைத்தது, வேலை முடிந்தது. அதற்கு முன்பே, ஆதரிக்கிற நாடுகள்மீது சுங்க வரி, விசாக் கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாம் வரலாம் என்று அமெரிக்கா வெளிப்படையாகவே அறிக்கை விட்டிருந்தது. மாலுமிகளை அனுப்புகிற சிறிய நாட்டுக்கு விசாக் கட்டுப்பாடு என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்.

பசிபிக் தீவு நாடுகளின் கதை இதைவிடச் சிக்கல். மார்ஷல் தீவுகளும் சாலமன் தீவுகளும் 2021லேயே டன்னுக்கு 100 டாலர் நேரடி வரி கேட்டவை. ஏப்ரலில் வந்த வரைவு அவர்களுக்குப் போதவில்லை, அதனால் வாக்களிக்காமல் விலகி நின்றார்கள். அதே மார்ஷல் தீவுகளின் கொடியில்தான் உலகக் கப்பல் டன்னேஜில் பெரும்பங்கு ஓடுகிறது, லைபீரியா, பனாமாவோடு சேர்ந்து முதல் மூன்றுக்குள். கடல் மட்டம் ஏறினால் முழுகப் போகிற நாடு, கடலைச் சூடாக்குகிற கப்பல்களுக்குக் கொடி வாடகைக்கு விடுகிறது. இதைப் பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருமான வழிகள் குறைவான நாடு அது.

சும்மா_வாசகன்

அமெரிக்கா சொன்னதில் நியாயமே இல்லை என்கிறீர்களா? கட்டணம் கடைசியில் சரக்கு விலையில்தான் ஏறும். பணக்காரன் கவலைப்பட மாட்டான். தானியத்தையும் எரிபொருளையும் கடல் வழியே இறக்குமதி செய்து சாப்பிடுகிற ஏழை நாடு என்ன செய்யும்? எந்த ஆய்வாளராவது இதைப் பற்றி எழுதுகிறாரா, இல்லை எல்லோரும் புகையையே எண்ணிக்கொண்டிருக்கிறார்களா?

மூன்றாம்_அலை

நியாயமான கேள்வி. எழுதுகிறார்கள், ஐ.நா.வின் வணிக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் ஐஎம்ஓவுக்காகவே அந்த மதிப்பீட்டைச் செய்தது. எல்லாத் திட்டத்திலும் சரக்குச் செலவு ஏறும், சிறு தீவு நாடுகளுக்கும் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கும் அடி அதிகம் என்பதுதான் அதன் சாரம். திரட்டுகிற பணத்தை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த அடி மாறும். அதனால்தான் நேரடி வரி கேட்டவர்கள் முதலில் அந்தத் தீவு நாடுகளே. வரி என்றால் ஒவ்வொரு டன்னுக்கும் காசு வரும், பங்கிடப் பணம் இருக்கும். ஏப்ரல் வரைவில் இலக்குக்கு மேல் போன பகுதிக்கு மட்டும்தான் கட்டணம், வசூல் குறைவு, அதிலும் ஒரு பகுதி புது எரிபொருளுக்குப் போகும். உங்கள் ஏழை நாட்டுக்காக வாதாடுகிறவர் வரைவு போதாது என்று எதிர்க்கலாம். அக்டோபரில் எதிர்த்தவர்கள் எல்லோரும் அந்தக் காரணத்துக்காக எதிர்க்கவில்லை.

நெறியாளர்

நாடுகளைத் திட்டி வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. இழை கப்பலைப் பற்றியது.

சார்ட்டர்_மேசை

ஐரோப்பா சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மேசையில் நிஜமாக எதையாவது மாற்றியது அதுதான். 2024 முதல் கார்பன் சந்தையில் கப்பலையும் சேர்த்துவிட்டார்கள். அந்த வருட உமிழ்வில் 40 சதவீதத்துக்கு, 2025க்கு 70, 2026 முதல் முழுமைக்கும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் பயணம் என்றால் பாதி உமிழ்வு கணக்கில் வரும். சட்டப்படி பொறுப்பு கப்பல் கம்பெனிக்கு, ஆனால் காலக் கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தால் எரிபொருளுக்கும் வேகத்துக்கும் முடிவெடுப்பது எடுத்தவர். உடனே ஒப்பந்தத்தில் புது ஷரத்து நுழைந்தது: எடுத்தவர் சீட்டை முதலாளிக்கு மாற்றித் தர வேண்டும். பல வருடமாக "எரிபொருள் நீ கட்டுகிறாய், ஹல் பெயின்ட்டுக்கு நான் கட்டுகிறேன், நான் ஏன் நல்ல பெயின்ட் வாங்க வேண்டும்" என்று நடந்த இழுபறியில் முதல் தடவையாகப் புகைக்கு ஒரு விலை உட்கார்ந்தது. இப்போது ரோட்டர் பாய்மரம் (காற்றைப் பிடித்துக் கப்பலைத் தள்ள உதவும் சுழல் உருளை) பூட்டலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஜின்_ரூம்

ரோட்டர் புதுசு இல்லை. 1924இல் ஆன்டன் ஃப்ளெட்னர் "புக்காவ்" என்ற கப்பலில் இரண்டு சுழல் உருளைகளை நிறுத்தி ஓட்டிக் காட்டினார், 1926இல் அது அட்லான்டிக்கையே தாண்டியது. மலிவான டீசல் வந்து அதை அடித்துவிட்டது. இப்போது பல்க் கேரியர், டேங்கருக்கு நன்றாகப் பொருந்தும், மேல்தளத்தில் இடம் இருக்கிறது. கன்டெய்னர் கப்பலில் எங்கே வைப்பீர்கள்?

அம்மோனியா பற்றி முதலில் கேட்டீர்கள், ஒரு வரி. எடைக்கு எடை கனரக எரிபொருளில் பாதிக்கும் குறைவான சக்தி, நச்சு, சரியாக எரியாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு, அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு. மூடிய எஞ்சின் அறையில் அது கசிந்தால் முதலில் மூச்சுத் திணறப் போவது கொள்கை வகுப்பவர் இல்லை, டூட்டியில் இருக்கும் ஃபோர்த் இன்ஜினியர். அந்தக் கோணத்தில் எழுதுகிற ஆய்வு இன்னும் நிறைய வர வேண்டும்.

கலங்கரை22

இரவு முழுக்க இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இப்படி ஒரு கேள்வி எழுதிப் பார்த்திருக்கிறேன், கிழித்துப் போடுங்கள்: "ஐரோப்பியக் கார்பன் சந்தை வந்த பிறகு, ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு வெளியே மொத்தச் சரக்குக் கப்பல்களின் நங்கூரக் காத்திருப்பு குறைந்ததா?" எம்ஆர்வி தரவு திறந்திருக்கிறது, 2018 முதல் இருக்கிறது, முன்னும் பின்னும் ஒப்பிடலாம்.

அலைவரிசை

கேள்வி நல்லது. எம்ஆர்வி மட்டும் போதாது. அதில் பெர்த்தில் இருக்கும்போது வந்த உமிழ்வு தனியாக இருக்கும், நங்கூரத்தில் கிடந்தது தனியாக வராது. ஏஐஎஸ் வாங்கியே ஆக வேண்டும். அதிலும் "நங்கூரமிட்டுள்ளது" என்ற நிலைக் குறியீட்டை நம்பாதீர்கள், அது கப்பலில் கையால் மாற்றுவது, நங்கூரத்தைத் தூக்கிப் பாதி வழி போன பிறகும் மாற்ற மறந்திருப்பார்கள். வேகம் ஒரு நாட் அளவுக்குக் கீழே, இடம் நங்கூரப் பகுதிக்குள், குறைந்தது இவ்வளவு மணி நேரம் என்று நீங்களே வரையறுங்கள்.

இன்னொரு தலைவலி. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கி கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றப் போனதும், கார்பன் சந்தை தொடங்கிய 2024 ஜனவரியும் ஏறக்குறைய ஒரே நேரம். காத்திருப்பு மாறியிருந்தால் எதனால் மாறியது என்று பிரிப்பது கஷ்டம். சூயஸ் பக்கமே போகாத தடங்களை எடுங்கள், வட அட்லான்டிக் மாதிரி.

சார்ட்டர்_மேசை

அதோடு எந்தக் கப்பல் டைம் சார்ட்டர் (குறிப்பிட்ட காலத்துக்கு வாடகை), எது வோயேஜ் சார்ட்டர் (ஒரு பயணத்துக்கு வாடகை) என்று பிரிக்காவிட்டால் என் முதல் பதிவில் சொன்னது எதையும் சோதிக்க முடியாது. அந்த விவரம் எந்த அரசுத் தரவிலும் இல்லை. புரோக்கர்கள் வெளியிடும் ஃபிக்ஸ்சர் (முடிவான வாடகை ஒப்பந்தங்கள்) பட்டியலில் கொஞ்சம் கிடைக்கும்: கப்பல், சரக்கு, ஏற்றும் இடம், இறக்கும் இடம், கட்டணம். எல்லா ஒப்பந்தமும் அதில் வராது, வருகிறவற்றிலும் பாதியில் பெயர் இருக்காது. தானியம், இரும்புத் தாது இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் தானியம் என்பேன், நங்கூரத்தில் கிடப்பது அதில் அதிகம்.

இன்ஜின்_ரூம்

தானியம் என்றால் மழை பெய்தால் ஹாட்சை (சரக்கறையின் மூடியை) மூடிவிடுவார்கள், இறக்குவது நிற்கும், பின்னால் நிற்கிற கப்பல் காத்திருக்கும். வானிலைத் தரவையும் சேர்க்க மறக்காதே தங்கச்சி.